பழைய முதிரை நிலை, செதுக்குப் பலகை, மரச்சட்டங்கள்: பச்சை எனாமலை உரிப்பதா, அப்படியே விடுவதா?

கந்தர்மடத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மம்மாவின் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் 1930களில் கட்டிய நாற்சார் வீடு (நடுவில் முற்றம் வைத்த வீடு) எங்களுடையது. உள்ளே மரவேலை நிறைய இருக்கிறது. தலைவாசல் நிலை, அதற்கு மேல் தாமரையும் கொடியும் செதுக்கிய பலகை, அறைக் கதவுகளுக்கு மேல் காற்றுப் போக வைத்த மர அழிகள், முற்றத்தைச் சுற்றி விறாந்தையின் ஓரத்தில் ஓடும் வெட்டுவேலைப் பலகை, சுவாமி அறை வாசலைச் சுற்றி மூன்று அடுக்குச் சட்டம். எல்லாவற்றுக்கும் மேல் பச்சை எனாமல் பெயின்ற். அது உரிந்த இடத்தில் கிறீம் நிறம், அதற்கும் கீழே ஒரு மண்ணிறம்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் போய், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது இரண்டு அறைக் கதவுகள் இல்லை. சுவாமி அறைச் சட்டத்தில் ஒரு பக்கத்தை யாரோ பெயர்த்து எடுத்திருந்தார்கள். அப்போது கிடைத்த பலகையை அந்த இடத்தில் அடித்து, அதற்கும் பச்சை பூசியிருக்கிறது.

இலண்டனில் இருக்கும் அண்ணா எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அலுமினியம் போடச் சொல்கிறார். அம்மா தலைவாசல் நிலையில் கை வைக்கவே விடமாட்டார். வந்து பார்த்த வேலைக்காரர் ஒருவர், தேய்க்கும் மெஷின் பிடித்தால் கெதியாக வெறும் மரமாக்கித் தரலாம் என்கிறார். எனக்கு மரம் தெரிய வேண்டும் என்று ஆசை. எங்கே தொடங்குவது, யாரை நம்புவது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சீவுளி:

தம்பி, முதலில் அந்த மெஷின்காரரை நிற்பாட்டுங்கள். மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.

அப்பா தச்சு வேலை, நானும் அதே வேலை. மெஷின் தட்டையான பலகைக்கு உரியது. தாமரை இதழின் விளிம்பு, சட்டத்தின் குழிவு, அழியின் கூர் மூலை இவற்றில் அது பட்டால் கூர் மழுங்கி எல்லாம் உருண்டுவிடும். உளி வைத்து எடுத்த கூரை யாராலும் திரும்பக் கொடுக்க முடியாது. அதற்கு இன்னும் ஒரு படை மரத்தைச் செதுக்கி எடுக்க வேண்டும், பிறகு சட்டம் மெலிந்து நிலையோடு பொருந்தாது.

என்ன மரம் என்று தெரியுமா? மறைவான இடத்தில், கதவின் மேல் விளிம்பில் அல்லது பிணைச்சலுக்குப் பின்னால், சிறிய இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். பொன்னிறமாக, வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்தால் பட்டுப்போல் மினுங்கினால் முதிரை. வன்னிக் காட்டு மரம். கையில் எடுத்தால் இரும்புக் கனம் கனக்கும். மண்ணிறமாக, சுரண்டும்போது எண்ணெய்ப் பிசுக்கோடு தோல் வாசம் வந்தால் தேக்கு. கறுப்பு நார்க் கோடுகள் நீளத்துக்கு ஓடினால் பனை. உங்கள் வீட்டில் மூன்றும் இருக்கலாம். அந்தக் காலத்தில் கூரைக்குப் பனை, வாசலுக்கு நல்ல மரம் என்று பிரித்துத்தான் போடுவார்கள்.

மரத்துக்கு மரம் வேலை மாறும். முதிரையின் நார் ஒரு படை இந்தப் பக்கமும் அடுத்த படை அந்தப் பக்கமும் சாயும். சீவுளியை எந்தத் திசையில் பிடித்தாலும் எங்கோ ஓரிடத்தில் பிய்க்கும். தீட்டிய சுரண்டு தகடுதான் அதற்குச் சரி. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் தரும், கையை மூடிக்கொண்டு செய்யுங்கள். பனையில் சிராம்பு ஏறினால் எடுப்பது பெரும் பாடு. தேக்கில் எண்ணெய் இருப்பதால் பசை பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத்தான் பசை போட வேண்டும்.

ஸ்காபறோவில் இருந்து:

மரம் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். அந்தப் பச்சைக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் கதைக்க வேண்டும். நான் இங்கே கனடாவில் பழைய வீடுகளைத் திருத்தும் வேலை செய்கிறேன். பழைய எனாமலில் நிறத்துக்கும், கெதியாகக் காய்வதற்கும் ஈயச் சேர்மங்கள் போட்டார்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்றில் ஈயத்தை 1978இல் தடை செய்தார்கள். இலங்கையில் பெயின்றில் எவ்வளவு ஈயம் இருக்கலாம் என்ற வரம்பு 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உங்கள் பச்சையிலும் கிறீமிலும் மண்ணிறத்திலும் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் தூளால்தான். காய்ந்த பெயின்றில் மெஷின் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத தூள் வீடு முழுக்கப் படியும். தவழும் பிள்ளை நிலத்தில் கையை வைத்து வாயில் வைக்கும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும், பாதித்தது திரும்பாது. கர்ப்பிணிப் பெண்களும் அந்த இடத்தில் நிற்கக் கூடாது.

பனங்கூடல்:

நாங்கள் எல்லோரும் இந்தப் பெயின்றைச் சுரண்டி, தூளுக்குள் நின்று வளர்ந்தவர்கள்தான். ஊரில் யாரும் முகமூடி போட்டு வேலை செய்து நான் பார்த்ததில்லை. இவ்வளவு பயப்படுத்தினால் யாரும் பழைய மரத்தைத் தொடமாட்டார்கள், எல்லோரும் அலுமினியத்துக்குப் போய்விடுவார்கள். அதையும் யோசித்துப் பாருங்கள்.

ஸ்காபறோவில் இருந்து:

அண்ணை, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஈயத்தின் பாதிப்பு காய்ச்சல் மாதிரி வெளியே தெரிவதில்லை. பிள்ளை படிப்பில் பின்தங்குவதையும் ஓரிடத்தில் இருக்க முடியாமல் அலைவதையும் யாரும் கதவோடு சேர்த்து யோசிப்பதில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று எங்களால் சொல்ல முடியாது.

பாதுகாப்பாகச் செய்வது பெரிய செலவும் இல்லை. நனைத்துச் சுரண்டினால் தூள் எழும்பாது, அதுவே பாதி வேலை. கீழே தடித்த பொலித்தீன் விரித்து ஓரத்தை ரேப் போட்டு ஒட்டுங்கள். அறைக்குள் இருக்கும் துணி, பாய், தளபாடம் எல்லாம் வெளியே போக வேண்டும். மருந்துக் கடையில் விற்கும் துணி முகமூடி காணாது, நுண்தூளைப் பிடிக்கும் வடிகட்டி பூட்டிய முகமூடி வேண்டும். வேலை உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். சாப்பிட முன் கையும் முகமும் கழுவுங்கள்.

ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) பிடிப்பதாக இருந்தால் குறைந்த சூட்டில் வையுங்கள். 590 பாகை செல்சியசுக்கு மேல் போனால் ஈயம் ஆவியாக எழும்பும். அவ்வளவு சூடு தேவையும் இல்லை, பெயின்ற் அதற்கு எவ்வளவோ முன்னரே இளகிக் கொப்பளிக்கும். நெருப்புச் சுவாலை காட்டும் புளோ லாம்பை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். நிலைக்குப் பின்னால் இடைவெளி இருக்கும், அதற்குள் காய்ந்த குருவிக் கூடும் சிலந்தி வலையும் இருக்கும். ஒரு பொறி போனால் மேலே பனைச் சலாகை வரைக்கும் ஏறிவிடும்.

பருத்தித்துறை அக்கா:

நாங்கள் அம்மாவின் வீட்டை இப்படித்தான் திருத்தினோம், அதனால் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகளை மாமி வீட்டில் விட்டுவிட்டு, ஒரு அறையை மூடி முடித்துவிட்டுத்தான் அடுத்த அறையைத் தொட்டோம். முழு வீட்டையும் ஒரே நேரத்தில் குழப்பினால் ஓரிடமும் சுத்தமாக இருக்காது.

இரண்டு விசயம் ஊருக்கே உரியது, கனடாக்காரர் சொல்லாமல் விட்டது. ஒன்று, சுரண்டிய சீவல்களையும் பெயின்ற் பூசிய உடைந்த பலகையையும் அடுப்பில் வைக்காதீர்கள். எங்கள் ஆட்களுக்கு மரத்துண்டைக் கண்டால் விறகு என்று எடுத்து வைக்கும் பழக்கம். புகையிலும் ஈயம், சாம்பலிலும் ஈயம். அந்தச் சாம்பலைக் கொண்டுபோய்க் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடுவோம். சீவலை வளவில் கொட்டினால் கோழி கிளறும், முட்டைக்குள் போகும். எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டி வையுங்கள்.

மற்றது கிணறு. எங்கள் நிலம் சுண்ணக்கல், மேலே ஊற்றியது வெடிப்புகளுக்குள்ளால் நேரே நிலத்தடி நீருக்குப் போகும். பெயின்ற் கழற்றும் மருந்து கழுவிய தண்ணீரையும் கோஸ்ரிக் சோடாத் தண்ணீரையும் வளவில் ஊற்றினால் நாளைக்கு நாங்களே குடிப்போம். சிலர் கதவைக் கழற்றிக் கோஸ்ரிக் தொட்டிக்குள் போட்டு எடுத்தால் இலேசு என்பார்கள். அது பழைய பசையை இளக்கிப் பொருத்துகளைக் கழற்றிவிடும், மரத்தைக் கறுக்க வைக்கும், நாரை எழுப்பிவிடும். என் கணவரின் ஒன்றுவிட்ட சகோதரர் வீட்டுக் கதவு அப்படிப் பிரிந்துதான் வந்தது.

பித்தளைக் கொண்டி, பிணைச்சல், நாதாங்கி எல்லாவற்றுக்கும் மேலும் பெயின்ற் இருக்குமே, அவற்றைக் கழற்றி, பழைய இரும்புச் சட்டிக்குள் சலவைச் சோடாவும் தண்ணீரும் விட்டு வெளியே அடுப்பு மூட்டி மெதுவாகக் கொதிக்க விடுங்கள். தோலாகக் கழன்று வரும். அலுமினியச் சட்டி வேண்டாம், சோடா அதை அரிக்கும். அந்தச் சட்டி பிறகு சமையலுக்கு உதவாது. கழற்றும்போது எது எந்தக் கதவினுடையது என்று எழுதி வையுங்கள். பழைய ஆணித் துளைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

கந்தர்மடத்தான்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. மெஷின்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சீவுளி அண்ணை சொன்னபடி சுரண்டிப் பார்த்தேன். தலைவாசல் முதிரைதான், மினுங்குகிறது. அறைக் கதவுகள் தேக்கு. அழிகள் வேறு ஏதோ வெளிறிய மரம்.

ஒரு புதுப் பிரச்சினை. தலைவாசல் நிலைக்கால் இரண்டும் அடியில் நிலத்தோடு பொருந்தும் இடத்தில் மெத்தென்று இருக்கிறது. திருகாணி ஒரு அங்குலம் இலேசாக உள்ளே போகிறது. நிலையை மாற்றத்தான் வேண்டுமா? அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது?

சுண்ணச்சாந்து:

நான் கட்டட வேலை. பழைய வீடுகள்தான் எனக்குப் பிடித்த வேலை. எல்லோரும் பெயின்றைப் பற்றியே கதைக்கிறீர்கள். மரத்தைக் கெடுப்பது தண்ணீர். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் பொலிஷ் போடுவது காசைக் கொட்டுவது.

நிலைக்குப் பக்கத்தில் சுவர்ப் பூச்சு எது என்று பாருங்கள். பழைய சுவர் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அதற்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சுக்குள்ளால் வெளியே வந்து காய்ந்துவிடும். பின்னாளில் உடைந்த இடங்களுக்குச் சீமெந்து பூசினோம். சீமெந்து ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். அது வெளியே வர வழி தேடி நிலையின் முதுகுக்குப் போகும். முன்பக்கம் எனாமல் படை படையாக மூடியிருப்பதால் மரத்துக்கும் காய வழியில்லை. அதுதான் உங்கள் நிலைக்கால் உக்கிய கதை. நிலத்துக்குப் புதிதாகச் சீமெந்து போட்டு உயர்த்தியிருந்தால் நிலைக்கால் அதற்குள் புதைந்து நிற்கும், அது இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது: நிலையிலிருந்து ஒரு முழ அகலத்துக்குச் சீமெந்துப் பூச்சைத் தட்டி எடுங்கள். ஒரு கோடை காய விடுங்கள். பிறகு 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் போட்டுக் குழைத்த சாந்தால் பூசுங்கள். கூரை ஓட்டில் ஒழுக்கு இருக்கிறதா, பீலித் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா என்றும் பாருங்கள். மாரியில் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தால் எல்லாம் தெரியும்.

நிலையை மாற்றத் தேவையே இல்லை. அடியை மட்டும் வெட்டி ஒட்டுப் போடலாம். அதைச் சீவுளி சொல்லட்டும்.

சீவுளி:

சுண்ணச்சாந்து சொன்னது முழுக்கச் சரி. அவர் வேலை முடிந்த பிறகுதான் என் வேலை.

உக்கல் எங்கே முடிகிறது என்று திருகாணியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் தொடங்கும் இடத்துக்கு மேலே இரண்டு அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். நேர் குறுக்காக வெட்டாமல் சரிவாக வெட்டி, புதுத் துண்டையும் அதே சரிவில் வெட்டிப் பொருத்த வேண்டும். சரிவு நீளமானால் பசை பிடிக்கும் பரப்புக் கூடும். தண்ணீர் பட்டால் வெளிப்பக்கம் வடியும் மாதிரிச் சரிவின் திசை இருக்க வேண்டும். புதுத் துண்டும் முதிரையாக, நார் ஓடும் திசை பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஒட்டுக்கு அரல்டைற் மாதிரி இரண்டு கலவைப் பசை, குறுக்கே மர ஆப்பு. கடைசியில் அடி வெட்டுமுகத்தை அதே பசையால் அடைத்து, கீழே ஒரு சின்னக் கருங்கல் துண்டு வைத்து நிலத்திலிருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்துங்கள். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வெட்டுமுகத்தால்தான்.

முதிரை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். பழைய வீடு உடைக்கும் இடங்களில் விசாரியுங்கள். உடைந்த நிலைக்கால் ஒன்று கிடைத்தால் போதும். புது மரத்தைவிட அது நல்லது, எவ்வளவோ காலம் காய்ந்து அமர்ந்த மரம். கூரையில் பனை மாற்ற வேண்டி வந்தால் வளவில் நிற்பதை யோசிக்காமல் வெட்ட வேண்டாம். பெண்பனை, பலா, ஈரப்பலா மூன்றும் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தறிக்க முடியாதவை. பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பருத்தித்துறை அக்கா:

அம்மாவிடம் சொல்வதைப் பற்றி. நாள் பார்த்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, ஊரைக் கூப்பிட்டு வைத்த நிலை. அதைப் பெயர்த்தால் வீடே பெயர்ந்த மாதிரித்தான் அவருக்கு இருக்கும். நிலை நின்ற இடத்திலேயே நிற்கும், காலுக்குக் கீழே மட்டும் ஒட்டுப் போடுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். வேலை தொடங்கும் நாளை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் அம்மா அதற்குப் பிறகு தச்சருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார்.

இன்னொன்று. பச்சையைக் கழற்றும்போது நிலையின் மேல் சட்டத்தில் தோரணத்துக்கு அடித்த ஆணித் துளைகள் வரிசையாக வரும். பக்கங்களில் குங்குமப் பொட்டின் கறை, கார்த்திகை விளக்கு வைத்த இடத்தில் எண்ணெய்க் கறுப்பு. பொலிஷ் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் அடைத்துச் சமப்படுத்தித் தரவா என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்றேன். அது எங்கள் ஆட்களின் கை பட்ட இடம்.

பனங்கூடல்:

துளையைவிடப் பெரிய கேள்வி ஒன்று. கழற்றத்தான் வேண்டுமா? கீழே மண்ணிறம் இருக்கிறது என்கிறார். அதுதான் முதல் பூச்சு என்றால் கட்டியவரே பூசித்தான் வைத்திருக்கிறார். வெறும் மரத்தைக் காட்டுவது இந்தக் காலத்து ஆசை. நல்லாகப் பிடித்திருக்கும் பெயின்றை இலேசாகத் தேய்த்து அதன் மேல் புதுசு பூசினால் ஈயமும் உள்ளேயே அடங்கிவிடும், வேலையும் குறையும்.

ஸ்காபறோவில் இருந்து:

பனங்கூடல் அண்ணை சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது. இங்கேயும் உரியாத பெயின்றை மூடிப் பூசிவிடுவது ஒரு சரியான வழிதான். மேலே தேய்ப்பதையும் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். ஆனால் கதவும் நிலையும் உரசும் விளிம்புகளில் அது நிற்காது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் தூள் விழும். அந்த விளிம்புகளை மட்டுமாவது மரம் தெரியும் வரை எடுத்துவிடுங்கள்.

சீவுளி:

அந்த மண்ணிறம் பூச்சா பொலிஷா என்று தெரியாமல் சண்டை வேண்டாம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு மூலையில் வையுங்கள். கரைந்து பிசுபிசுவென்று வந்தால் அரக்குப் பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லக்கர் தின்னருக்குக் கரைந்தால் லக்கர். தின்னரில் கரையாமல் சுருங்கிக் கொப்பளித்தால் எண்ணெய் வார்னிஷ் அல்லது எனாமல்.

கந்தர்மடத்தான்:

இன்று செய்து பார்த்தேன். தலைவாசலிலும் அறைக் கதவுகளிலும் மண்ணிறம் ஸ்பிரிட்டில் கரைந்து செம்மஞ்சளாகப் பஞ்சில் ஏறியது. அழிகளில் கரையவில்லை, அது பெயின்ற்தான் போல. கரைந்த இடத்தில் மரம் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கதவுகள் இந்த நிறம்தான் என்கிறார்.

சீவுளி:

அப்ப வழி தெளிவு. அரக்குக்கு மேல் பூசிய எனாமல் மரத்தின் துளைகளுக்குள் இறங்கியிருக்காது. நனைத்துச் சுரண்டினாலும், குறைந்த சூடு காட்டினாலும், அரக்கோடு சேர்ந்து தோலாக வரும். உங்களுக்கு அதிர்ஷ்டம். தலைவாசல், சுவாமி அறை, அறைக் கதவுகளை மரமாக்குங்கள். கட்டியவர் பெயின்ற் பூசிய அழிகளுக்கு பெயின்ற்தான் பூச வேண்டும். அது மலிவான மரமாகவும் இருக்கும்.

செதுக்குப் பலகையில் இரும்பைக் கொண்டுபோகாதீர்கள். மூங்கிலைச் சீவிக் கூராக்கி, பழைய பல்துலக்கியோடு வைத்துக்கொண்டு, ஸ்பிரிட் தொட்டுத் தொட்டு இதழ் இதழாக எடுங்கள். ஸ்பிரிட் வைத்திருக்கும் நேரம் யன்னல் திறந்திருக்க வேண்டும், விளக்கும் அடுப்பும் பக்கத்தில் எரியக் கூடாது. ஹீட் கன்னும் ஸ்பிரிட்டும் ஒரே நாளில் ஒரே அறையில் வேண்டவே வேண்டாம்.

ஆணியைச் சுற்றிக் கறுத்திருந்தால் அது இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்த கறை. ஒட்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவினால் வெளுக்கும். பிறகு வடிவாகக் கழுவித் துடைக்க வேண்டும். அது நஞ்சு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கொழும்புத்துறை:

பிறகு மேலே என்ன பூசுவது? கடையில் பொலியுரித்தேன்தான் நல்லது, பத்து வருடம் நிற்கும் என்கிறார்கள்.

சீவுளி:

வெளிவிறாந்தையில் தண்ணீர் படும் பலகைக்கு நல்ல வெளிப்புற வார்னிஷ் போடலாம். உள்ளுக்கு அரக்குத்தான் என்பேன். காரணம் திருத்தும் வசதி. பொலியுரித்தேன் ஓரிடத்தில் கீறினால் முழுவதையும் உரிக்க வேண்டும். அரக்கில் புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். கீறிய இடத்தை மட்டும் தொட்டுவிடலாம்.

1 லீற்றர் ஸ்பிரிட்டுக்குக் கால் கிலோ அளவில் அரக்குச் செதிலைப் போட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். மெல்லிய துணியால் வடிகட்டுங்கள். தேவையான அளவு மட்டும் கலக்குங்கள், மாதக் கணக்கில் வைத்தால் பூசியது காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். துணிக்குள் பஞ்சு வைத்துச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, மெல்லியதாகப் பல தடவை. தடித்து ஒரே தடவையில் பூசுவது அரக்கு வேலை அல்ல.

பருவம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் அரக்கைத் தொடாதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். மரமும் மாரியில் உப்பியிருக்கும். அப்போது கதவைச் சீவி அளவாக்கினால் கோடையில் இடைவெளி விழும். மாசியிலிருந்து சித்திரை வரை நல்ல காலம். சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பிவிட்டால் காய்வது கெதி, ஆனால் காற்றோடு மண் வந்து ஈரப் பொலிஷில் ஒட்டும். அந்தப் பக்க யன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

பருத்தித்துறை அக்கா:

நாங்கள் ஆளி எண்ணெயும் தேன்மெழுகும் போட்டோம். அமைதியான மினுக்கம், எனக்கு அரக்கைவிடப் பிடித்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் ஒற்றையாக விரித்துக் காய விடுங்கள், அல்லது தண்ணீருக்குள் அமிழ்த்தி வையுங்கள்.

கந்தர்மடத்தான்:

இப்போது சுவாமி அறைச் சட்டம். பெயர்த்த பக்கத்துக்கு அதே அடுக்கில் புதுச் சட்டம் வேண்டும். கடைகளில் விற்கும் பீடிங் (அலங்காரச் சட்டம்) எதுவும் கிட்டவும் வரவில்லை. ஆசாரியார் ஒருவர் "அந்த அச்சுச் சீவுளி இப்ப ஆரிட்டையும் இல்லை" என்றார்.

சீவுளி:

அச்சுச் சீவுளி தேவையில்லை. நிற்கும் பக்கத்துச் சட்டத்தின் வெட்டுமுகத்தில் கடதாசி மட்டையை வைத்து விளிம்பை வரைந்து எடுங்கள். பெயின்றைக் கழற்றிய பிறகு எடுங்கள், இல்லாவிட்டால் மூன்று பூச்சின் தடிப்பும் அளவுக்குள் வந்துவிடும். உடைந்த வாள் தகட்டில் அந்த வடிவத்தை எதிர்மாறாக அரத்தால் ராவுங்கள். தகட்டை இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் இறுக்கி, சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் இழுத்தால் வடிவம் சுரண்டப்பட்டு வரும். எங்கள் அப்பா எல்லாச் சட்டமும் இப்படித்தான் எடுத்தார். மூன்று அடுக்கு என்றால் மூன்று தனிச் சட்டமாகச் செய்து ஒன்றன் மேல் ஒன்று வைத்திருப்பார்கள், ஒரே மரம் என்று நினைத்து மலைக்க வேண்டாம். முதிரையில் மெதுவாகத்தான் போகும், தகட்டை அடிக்கடி தீட்டுங்கள். தேவைக்கு மேல் ஒரு முழம் கூடவே எடுத்து வையுங்கள்.

கொழும்புத்துறை:

அண்ணாவின் அலுமினிய யோசனை என்ன ஆனது? எங்கள் ஒழுங்கையிலும் பழைய கதவு, நிலை வாங்க வாகனத்தில் ஆட்கள் வருகிறார்கள். நல்ல விலை சொல்கிறார்கள். வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்தால் உடனே ஒத்துக்கொண்டு விடுகிறார்கள்.

சுண்ணச்சாந்து:

விற்காதீர்கள். அவர்கள் சொல்லும் விலைக்கு அதே முதிரையில் ஒரு நிலை செய்விக்க முடியாது. அந்த வயது மரம் இப்போது காட்டிலும் அரிது. செதுக்குகிற கைகளும் குறைவு. போரில் இவ்வளவு வீடுகள் தரைமட்டமானதற்குப் பிறகு நிற்கிற ஒவ்வொரு நிலையும் ஊரின் சொத்து. இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. வலிகாமம் வடக்கில் காணிக்குத் திரும்பிப் போனவர்களுக்குக் காட்ட ஒரு கதவுகூட இல்லாமல் நான் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

குசினிக்கும் குளியலறைக்கும் அலுமினியம் போடுவதில் தப்பே இல்லை, அங்கே அதுதான் நல்லது. அண்ணாவுக்கு அந்த இரண்டையும் கொடுங்கள்.

கந்தர்மடத்தான்:

அண்ணாவோடு கதைத்தேன். பஞ்சில் கரைந்த படத்தையும் கீழே தெரிந்த மரத்தின் படத்தையும் அனுப்பியிருந்தேன். குசினியும் குளியலறையும் அலுமினியம், மற்றதெல்லாம் மரம் என்று ஒத்துக்கொண்டார். காணாமல் போன இரண்டு கதவுக்கும் பழைய கதவு தேடித் தன் செலவில் போடுவதாகவும் சொன்னார். முதலில் சுண்ணாம்புப் பூச்சு, அது காய்ந்த பிறகு தலைவாசல் கால். தை பிறந்ததும் தொடங்க அம்மா நாள் பார்க்கிறார்.

கடைசியாக ஒன்று. அழிகளில் குண்டூசித் தலை அளவில் துளைகள், கீழே மாத்தூள் மாதிரி. கறையானா?

சீவுளி:

கறையான் என்றால் மண் குழாய் கட்டியிருக்கும். இது உளுக்கும் வண்டு. அது மரத்தின் வெளிறைத்தான் (வெளிப்பக்க மென்மரம்) தின்னும், வைரத்தை (நடுவில் உள்ள கடுமரம்) தொடாது. அதனால்தான் முதிரையும் தேக்கும் தப்பியிருக்கின்றன, வெளிறிய அழி மட்டும் மாட்டியிருக்கிறது.

பழைய துளையா, இப்போதும் தின்கிறதா என்று பாருங்கள். தூளைத் துடைத்துவிட்டுக் கீழே கறுப்புக் கடதாசி விரித்து வையுங்கள். கொஞ்ச நாளில் புதுத் தூள் விழுந்திருந்தால் உயிர் இருக்கிறது. அப்படியென்றால் பெயின்றை எடுத்த பிறகு, 1 லீற்றர் வெந்நீரில் 60 கிராம் போராக்சும் 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, வெறும் மரத்தில் இரண்டு மூன்று தடவை ஊற விடுங்கள். பெயின்றுக்கு மேல் தடவினால் இறங்காது. மழை படாத இடம் என்பதால் கழுவுப்பட்டும் போகாது. கையுறை போடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ற் பூசலாம். விரலால் அழுத்தினால் நொறுங்கும் அழி இருந்தால் அதை மட்டும் வேம்பில் செய்து மாற்றுங்கள்.

கடதாசி வைத்துப் பார்த்துவிட்டுப் படம் போடுங்கள். தலைவாசல் காலை வெட்டும் நாளை முன்கூட்டிச் சொன்னால் நானும் வாளோடு வருகிறேன். நல்லூரிலிருந்து கந்தர்மடம் எவ்வளவு தூரம்.